100 மீட்டர் ஸ்டார்ட் பழகுறது எப்படி? (காலை முட்டுக் குடுத்து கெளம்புற ப்ளாக்கும் இல்ல, கோச்சும் இல்ல)

அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, ஜோனல்ஸ்ல ஓடியே ஆவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, அதனால கடலூர்ல தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு மண் கிரவுண்டுக்கு தினம் காலையில கூட்டிட்டு போறேன். அவளுக்கு சொல்லிக் குடுக்கிறததான் இங்க எழுதுறேன்.

மொதல்ல எந்தக் கால் முன்னாடின்னு பாக்கணும். நேரா நிக்க வச்சு முதுகுல லேசா ஒரு தள்ளு தள்ளுங்க, விழாம இருக்க எந்தக் காலை சட்டுனு வைக்கிறாளோ அத பின்னாடி வைங்க. கோட்டுலேர்ந்து அவ பாதத்தாலயே அளந்து ரெண்டு பாதம் தள்ளி முன்கால், மூணு பாதம் தள்ளி பின்கால். ப்ளாக் இல்லன்னா கூட வர்ற பசங்கள ஷூவ பின்னாடி முட்டுக் குடுக்கச் சொல்லுங்க, நாங்கல்லாம் அப்படித்தான் பழகுனோம்.

கைய ஊனி குனிஞ்சு இருக்கிறப்போ, "செட்" சொன்னதும் இடுப்பு தோளுக்கு கொஞ்சம் மேல வரணும், முன்முட்டி கிட்டத்தட்ட 90 டிகிரி. தலைய தூக்கி ஃபினிஷிங்க பாக்கக் கூடாது! எல்லாருமே பண்ற தப்பு இதான். தலை நிமிந்தா உடம்பும் நிமிந்துரும், மூணாவது அடியிலயே நேரா நின்னு ஓட ஆரம்பிச்சிருவாங்க.

மண்ணுல ஓடுறதுல ஒரு வசதி, ஓடி முடிச்சதும் திரும்பி வந்து தடத்த குனிஞ்சு பாக்கலாம். மொத அஞ்சாறு அடிக்கு முன்பாதம் மட்டும் பதிஞ்சு மண்ண பின்னாடி கீறி வாரி விட்டுருக்கணும், குதிகால் விழுந்திருந்தா அந்த எடத்துல ப்ரேக் போட்டுருக்கான்னு அர்த்தம்.

அப்புறம் ஃபால்ஸ் ஸ்டார்ட். நான் பத்தாவதுல கிளாப் அடிக்கிறதுக்கு முன்னாடியே கெளம்பி வெளிய போனவன், வீட்டுக்கு வர்ற பஸ்ஸுல யார்கிட்டயும் பேசல. உசைன் போல்ட்டே 2011 தென்கொரியா தேகு வேர்ல்டு சாம்பியன்ஷிப் ஃபைனல்ல இப்படித்தான் போனாரு, யோஹான் ப்ளேக் ஜெயிச்சிட்டாரு. 2009 பெர்லின்ல 9.58 ஓடுனப்போ போல்ட்டோட ரியாக்‌ஷன் (சத்தத்துக்கும் கெளம்புறதுக்கும் நடுவுல உள்ள நேரம்) 0.146 செகண்டு, 0.1க்கு கீழ போனா ஃபால்ஸ் ஸ்டார்ட்டுன்னு எடுத்துப்பாங்க, அதனால குருட்டாம்போக்குல கெளம்பி ஒண்ணும் ஆகப் போறதில்ல. "செட்"டுக்கும் கைதட்டுக்கும் நடுவுல இருக்கிற கேப்ப ஒவ்வொரு தடவையும் மாத்தி மாத்தி தட்டுங்க, ஒரே தாளத்துல தட்டுனா அத மனப்பாடம் பண்ணிருவாங்க.

சில்வர் பீச்சுல வாரம் ஒருநாள் 30 மீட்டர் மணல் ஓட்டம் போதும். அலை ஓரமா சரிவுல ஓட விடாதீங்க, கணுக்கால் புடிச்சிக்கும்.

டைம் விஷயம். போன் ஸ்டாப்வாட்ச்ல 100 மீட்டர் எடுத்தா அதோட 0.24 கூட்டிக்கோங்க, எலக்ட்ரானிக் டைமிங்குல சுமாரா அதான் வரும். போன வாரம் அவளுக்கு 13.8 வந்துச்சு, கையில எடுத்தது கணக்கில்ல, 14ன்னு வச்சிக்கோன்னேன், ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டா.