கால் ஊன்ற முடியாத வாத்துக் குஞ்சைப் பார்த்துக்கொள்வது எப்படி

சம்பா அறுப்பு முடிந்த கையோடு எங்கள் பாபநாசம் பக்கம் வாத்துக்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். அரக்கோணம், விழுப்புரம் என்று எங்கிருந்தெல்லாமோ லாரியில் வரும் வாத்துகள் அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லையும் நத்தையையும் பொறுக்கித் தின்னும். சில பட்டிகளில் இளங்குஞ்சுகளும் இருக்கும். கூட்டத்தோடு நடக்க முடியாமல் பின்தங்கும் குஞ்சை வைத்துப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? "வச்சு வளத்துக்கம்மா" என்று கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி வந்த குஞ்சுகளை வருடக்கணக்கில் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கால் அடிபட்ட குஞ்சைப் பெரும்பாலும் கொல்வது குளிரும் தாகமும். வெதுவெதுப்புக்குப் போக முடியாமல், தண்ணீர்க் கிண்ணம் வரை நகர முடியாமல், பக்கத்தில் ஒரு துணை இல்லாமல் அது சோர்ந்து போகிறது. அதனால் கட்டுப் போடும் வேலையை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூக்கும் விதம். வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கோழியைத் தூக்கிப் பழகியவர்கள் இதைத்தான் செய்கிறார்கள், அதிலேயே தொடை மூட்டு விலகிவிடும். உள்ளங்கையை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இன்னொரு கையால் இறக்கையோடு சேர்த்து மூடிப் பிடியுங்கள். மார்பை அழுத்தினால் குஞ்சுக்கு மூச்சு முட்டும்.

ஓர் அட்டைப்பெட்டி எடுத்து அடியில் பழைய துண்டையோ சாக்கையோ விரியுங்கள். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். வழுக்கும். வழுக்கும் தரையில் நின்றே நல்ல குஞ்சுக்குக்கூட இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து போகும். பெட்டியின் ஒரு முனையில் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள், 40 வாட்டோ 60 வாட்டோ போதும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. முதல் வாரத்தில் குஞ்சு படுக்கும் இடம் 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்தால் போதும். நல்ல குஞ்சு குளிரெடுத்தால் பல்புக்கடியில் போய் ஒண்டும், சூடு அதிகமானால் விலகிப் படுக்கும். நொண்டிக் குஞ்சால் இரண்டுமே முடியாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், விடாமல் கத்தினால் பெரும்பாலும் குளிர். அது நகர மாட்டாது, நாம்தான் நகர்த்தி வைக்க வேண்டும். மேலே கம்பிவலை போட்டு மூடுங்கள். காக்கை, பூனை, பெருச்சாளி எல்லாவற்றுக்கும் இதன் மேல்தான் கண்.

தண்ணீர்க் கிண்ணம் அலகு, மூக்குத் துளை வரை முக்கும் ஆழம் இருக்க வேண்டும். வாத்து அப்படித்தான் மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்ளும். உள்ளே விழுந்து நனையாதபடி நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுவையுங்கள். தீனியும் தண்ணீரும் தலையை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீரில்லாமல் உலர் தீனி மட்டும் வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

குஞ்சு சூடேறி, நாலு வாய் தண்ணீர் குடித்து அமைதியான பிறகு காலைப் பாருங்கள். நல்ல காலை முதலில் தொட்டுப் பார்த்து, பிறகு அடிபட்ட காலைத் தொட்டால் வித்தியாசம் விரலுக்கே தெரியும். வாத்துக்கு முழங்கால் வயிற்றோடு ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கும். வெளியே பின்பக்கமாக மடங்குகிறதே, அது கணுக்கால். அதை முன்பக்கம் மடக்கிப் பார்க்காதீர்கள். மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டு வாருங்கள்: வீக்கம் எங்கே, சூடு எங்கே, எந்த இடத்தில் தொட்டால் காலை வெடுக்கென்று இழுக்கிறது? பாதத்தின் சவ்வில் முள் குத்தியிருக்கிறதா, விரலிடுக்கில் நூலோ மயிரோ சுற்றி இறுக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல நேரம் சங்கதி அந்த ஒரு நூலில்தான் இருக்கும். மெல்ல அறுத்து எடுத்துவிட்டால் மறுநாளே பாதத்தை ஊன்றப் பார்க்கும்.

வீக்கம் லேசாக, எலும்பு நேராக இருந்தால் சுளுக்கு. ஓய்வு போதும். இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து போயிருந்தால், இயல்பாக நிற்கும் அகலத்துக்கு இரண்டையும் சேர்த்து மருத்துவ பிளாஸ்டரால் தளர்வாகப் பிணையல் போடுங்கள். நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒட்டும் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒட்டினால் தோலை இழுக்காது. சின்னக் குஞ்சுக்கு நாலைந்து நாளில் கால் ஒழுங்குக்கு வந்துவிடும்.

கணுக்காலுக்கும் பாதத்துக்கும் நடுவே எலும்பு முறிந்து, தோல் கிழியாமல் இருந்தால் வீட்டிலேயே கட்டலாம். காலைச் சுற்றி மெல்லிய பஞ்சு, அதன்மேல் நீளவாக்கில் பிளந்த உறிஞ்சுகுழல், அதற்கு மேல் பிளாஸ்டர். கால் எந்த வளைவில் இயல்பாக இருக்கிறதோ அந்த வளைவிலேயே கட்ட வேண்டும். குச்சி மாதிரி நீட்டிக் கட்டினால் பிறகு மடங்காது. கட்டியதும் அரைமணி கழித்து விரல்களைப் பாருங்கள். சில்லிட்டோ வீங்கியோ நிறம் மாறியோ இருந்தால் கட்டு இறுக்கம், உடனே அவிழ்க்க வேண்டும். வாத்துக் குஞ்சு கண்ணெதிரே வளரும். நேற்று சரியாக இருந்த கட்டு இரண்டு நாளில் இறுகிவிடும் என்பதால் அடிக்கடி அவிழ்த்து மாற்ற வேண்டும். இளங்குஞ்சுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் எலும்பு கூடிவிடும்.

இவற்றையெல்லாம் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்: எலும்பு வெளியே தெரிவது, கணுக்காலுக்கு மேலே முறிவு, பாதம் கறுத்துப்போவது, கணுக்காலின் பின்பக்கம் தட்டையாகி வீங்கி, கால் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்வது. கடைசியாகச் சொன்னது தசைநார் இடம் நழுவியதாக இருக்கலாம். சீக்கிரம் கொண்டுபோனால் மருத்துவர் திரும்ப உட்கார வைக்கப் பார்ப்பார், நாள் கடந்தால் கஷ்டம். இரண்டு காலும் ஒரேயடியாக விழுந்து கழுத்தும் தொங்கினால் அது அடியே கிடையாது. அழுகியதைத் தின்ற நஞ்சாகவோ தொற்றாகவோ இருக்கும். அந்தக் குஞ்சை மற்றவற்றிடமிருந்து பிரித்து வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். மனிதருக்கான வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். கைப்பிடி எடைகூட இல்லாத உயிருக்கு அளவு சொல்ல மருத்துவரால்தான் முடியும்.

தோல் கிழிந்த புண்ணை ஆறவைத்த உப்புத் தண்ணீரால் கழுவி, நீர்த்த போவிடோன் அயோடின் தொட்டு வையுங்கள். நம் வெயிலில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்க ஒரு நாள் போதும். காலை மாலை இரு வேளையும் பாருங்கள். குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையையும்.

அடியே படாமல் கால் வளைந்து, கணுக்கால் வீங்கி நொண்டும் குஞ்சுகளும் உண்டு. பெரும்பாலும் காரணம் தீனி. நியாசின் என்கிற பி3 வைட்டமின் கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்குக் கூடுதலாக வேண்டும், கிலோ தீனிக்கு சுமார் 55 மில்லிகிராம். கடையில் வாங்கும் கோழிக் குஞ்சுத் தீவனத்தில் பெரும்பாலும் அந்த அளவு இருப்பதில்லை. வெறும் நொய்யை நம்பினால் இன்னும் மோசம். நான் நொய்க்கஞ்சியோடு புதுத் தவிடு, உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த சின்ன மீன், பொடியாக நறுக்கிய கீரை கலந்து கொடுக்கிறேன். கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் பி காம்ப்ளெக்ஸ் சிரப்பும் தண்ணீரில் விடலாம். கருவாடு ஆகாது, உப்பு குஞ்சைக் கொன்றுவிடும். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தால் கிட்டேயே கொண்டுவராதீர்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சை வாத்துக் குஞ்சு கொஞ்சமும் தாங்காது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தபோது வாத்துக் குஞ்சுகளும் செத்தன, காரணம் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குத் தீனி.

துணைக்கு இன்னொரு குஞ்சை நடுவில் வலை வைத்துப் பக்கத்தில் விடுங்கள். தனியாகக் கிடக்கும் குஞ்சு கத்திக் கத்தியே தீனியை விட்டுவிடும். வலை இல்லாவிட்டால் துணைக் குஞ்சு காலை மிதித்துவிடும், பிளாஸ்டரைக் கொத்தும்.

கட்டு எடுத்து, புண் ஆறி, வீக்கம் வடிந்த பிறகு தண்ணீர்ப் பயிற்சி. அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், கால் விரல் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் ஆழம். உங்கள் கை வயிற்றுக்கடியிலேயே இருக்கட்டும். உடல் எடையைத் தண்ணீர் தாங்குவதால் பயந்து மடக்கியே வைத்திருந்த காலை முதலில் கொஞ்சம் உதறும், பிறகு நல்ல காலோடு சேர்ந்து துடுப்புப் போடும். ஐந்து நிமிஷம் போதும். தாய் வாத்தோடு இல்லாத குஞ்சின் மென்மயிரில் எண்ணெய்ப் பசை போதாது, சீக்கிரம் ஊறி விறைத்துப்போகும். வெளியே எடுத்ததும் துணியால் ஒற்றிப் பல்பின் கீழ் உலர்த்துங்கள். குளத்தில் விட அவசரப்படாதீர்கள், மேல்இறகு முளைக்கட்டும்.

லேசான நொண்டல் மிஞ்சினால் கவலைப்பட வேண்டாம், முட்டை விடுவதற்கு அது தடை இல்லை. ஆனால் பெட்டையாக இருந்தால், வளர்ந்தபின் சேவல் வாத்துகள் நிறைய உள்ள கூட்டத்தில் சேர்க்காதீர்கள். மேலேறி அழுத்தினால் கூடிய கால் மறுபடி போய்விடும். ஐந்தாறு பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்குள்ள சின்னக் கூட்டமாகப் பார்த்து விடுங்கள், ராத்திரியில் மட்டும் தனியாக அடையுங்கள்.