கடவுச்சொல் பெட்டி காலியாக வந்தால்

கோப்புகளைக் கடவுச்சொல்லால் பூட்டும் (என்கிரிப்ட் செய்யும்) நிரல் எழுதுவோருக்கு இது. கடவுச்சொல்லிலிருந்து பூட்டும் சாவியை உருவாக்கும் முறைகளான பிபிகேடிஎஃப்2 (PBKDF2), ஆர்கான்2 (Argon2) இரண்டுமே காலிக் கடவுச்சொல்லை மறுக்காது. கேட்ட 32 பைட் சாவியைச் சத்தமில்லாமல் தந்துவிடும். கோப்பும் பூட்டிக்கொள்ளும், யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அதனால் தடுப்பு உங்கள் நிரலில்தான் இருக்க வேண்டும்; திரையில் மட்டுமல்ல, பூட்டும் ஃபங்ஷனின் முதல் வரியிலும்.

பயனர் 'ரத்து' அழுத்தியதும், எதுவும் தட்டாமல் 'சரி' அழுத்தியதும் வேறு வேறு. இரண்டுக்கும் காலி ஸ்ட்ரிங்கையே திருப்பி அனுப்புவதுதான் வழக்கமான பிழை. ரத்துக்கு 'நல்' (null, மதிப்பே இல்லை) அனுப்புங்கள், அதற்குப் பிழைச்செய்தியே வேண்டாம்.

திறக்கும்போது கவனம் கூடுதலாக வேண்டும். வட்டுகளைப் பூட்டும் வெராகிரிப்ட் மென்பொருளில் சாவிக்கோப்பு (கடவுச்சொல்லோடு சேர்த்தோ அதற்குப் பதிலாகவோ தரும் கோப்பு) மட்டும் கொண்டு, கடவுச்சொல் இல்லாமலே திறக்கலாம். கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி 'கடவுச்சொல் இல்லை', 'காலிக் கடவுச்சொல்' இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. முதலாவது தோற்றால், காலியாக முயலவா என்று கேட்கிறது. நல்ல பழக்கம். ஆகவே சாவிக்கோப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் 'திற' பட்டனை முடக்காதீர்கள்.

சாவிக்கோப்பும் இல்லையென்றால் ஆர்கான்2-வை ஓடவிட்டு 'தவறான கடவுச்சொல்' என்று சொல்லாதீர்கள். பெட்டிக்குக் கீழேயே 'கடவுச்சொல்லை உள்ளிடுங்கள்' என்று காட்டி, கர்சரை அங்கேயே நிறுத்துங்கள், பாப்-அப் வேண்டாம்.

முன்பின் இடைவெளிகளை வெட்டவும் கூடாது. வெட்டினால், வெறும் இடைவெளியால் பூட்டிய பழைய கோப்பு பிறகு திறக்காது.