மாலையில் மறையாத பூட்டுக் கோப்பு

ராணிப்பேட்டையில் நான் கணக்கு எழுதும் தோல் பதனிடும் ஆலையில், ஐந்து கணினிகளில் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளம், வடிவம் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லி அடிக்கடி திறக்க மறுத்தது. கோப்பைச் சுருக்கிச் சரிசெய்யும் 'காம்பேக்ட் அண்டு ரிப்பேர்' செய்தால் திறந்தது. இரண்டு நாளில் மீண்டும் கெட்டது. கோப்பு ஆக்சஸின் 2 ஜிபி வரம்பைத் தொட்டிருக்குமோ என்று பார்த்தேன், பாதிகூட இல்லை. கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சை மாற்றியதும் வீண்செலவு.

தரவுத்தளத்தை யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்க அதன் அருகே உருவாகும் 'எல்ஏசிசிடிபி' பூட்டுக் கோப்பு, கடைசி ஆள் வெளியேறியதும் தானாக அழிய வேண்டும். எங்கள் சர்வரிலோ எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் கிடந்தது. நோட்பேடில் திறந்தால் கணினிகளின் பெயர்கள் தெரியும் என்றாலும், முறையாக வெளியேறியவர்களின் பெயரும் அதிலேயே தங்கிவிடுவதால், அதை மட்டும் நம்பி ஒருவரைக் குறை சொல்லக் கூடாது (நான் சொல்லிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டேன்). அந்நேரம் திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் சர்வரின் 'ஓப்பன் ஃபைல்ஸ்' பட்டியலோடு ஒப்பிட்டபோதுதான், வைஃபையில் இணைந்து, மூடியதும் உறங்கிவிடும் கிடங்கு மடிக்கணினி அகப்பட்டது. எழுதிக்கொண்டிருக்கையில் இணைப்பு அறுந்தால் கோப்பு அரைகுறையாக நின்றுவிடுகிறது.

மடிக்கணினிக்குக் கேபிள் இழுத்தேன். தரவு இருக்கும் அட்டவணைகளை மட்டும் சர்வரில் விட்டு, படிவங்களையும் அறிக்கைகளையும் ஒவ்வொரு கணினியிலும் தனிப் பிரதியாக வைத்தேன். மூன்று மாதமாகக் கெடவில்லை. காம்பேக்ட் செய்வதற்கு முன் பிரதி எடுப்பதை மட்டும் இன்னும் விடவில்லை.