பன்றி கொரோனா வைரஸ் வகைகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி திரையைக் காட்டி, "மேடம், இது புது வகை மாதிரி இருக்கு" என்றாள். பத்து வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தைகள். பன்றிக்குட்டிகளுக்கு உயிர்க்கொல்லி வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பிஇடிவி வைரஸில்தான் அவளும் வேலை செய்கிறாள். நெகட்டிவ் கன்ட்ரோல் வையுங்கள், கையுறை மாற்றுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வளர்த்த வைரஸைப் பண்ணை வைரஸாக நம்புவது

இந்த வைரஸ் பன்றியின் சிறுகுடலில் வாழ்வது. ஆய்வகத்திலோ குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வெரோ செல்லில், டிரிப்சின் என்ற நொதியைச் சேர்த்து வளர்க்கிறோம். வளர்ந்த வைரஸை எடுத்துப் புதுச் செல்லில் விடும் ஒவ்வொரு சுற்றும் ஒரு பாசேஜ். பாசேஜ் ஏற ஏற, அந்தச் செல்லில் நன்றாக வளரும் வைரஸ்களே மிஞ்சும். வைரஸின் மேற்புற முள்ளை உருவாக்கும் ஸ்பைக் மரபணுவில் மாற்றங்கள் சேரும். ஓஆர்எஃப்3 மரபணுவில் துண்டே காணாமல் போகலாம். செல்லில் பலமுறை வளர்த்து வலுவிழக்கச் செய்த தடுப்பூசி வகைகள் சிலவற்றில் அங்கே சுமார் 50 மரபணு எழுத்துகள் இருக்காது.

இது தெரியாமல் நான் 12ஆவது பாசேஜை சீக்வென்ஸ் செய்தேன், அதாவது அதன் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்தேன். ஓஆர்எஃப்3-இல் ஓட்டை. பழைய சிவி777 வகையோடு ஒப்பிட்டேன், வகைகளின் உறவைக் காட்டும் மரம் வரைந்தேன், கட்டுரையும் பாதி எழுதிவிட்டேன். மூத்தவர் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "மூல மாதிரியில் இது இருக்கா?" ஃப்ரீசரைத் திறந்தேன். குழாயின் அடியில் உலர்ந்த பழுப்புக் கறை மட்டும். முழுவதையும் செல்லில் ஊற்றித் தீர்த்திருந்தேன். நல்லவேளையாக 2ஆவது பாசேஜ் குழாய் ஒன்று மிஞ்சியிருந்தது. அதில் ஓஆர்எஃப்3 முழுசாக இருந்தது. மூன்று மாத உழைப்பு போனது. அந்தக் குட்டியின் மாதிரி திரும்பக் கிடைக்கவே இல்லை.

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். பாசேஜ் எண்ணைக் குறிப்பிடாமல் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். யாரோ ஒருவர் அதை எடுத்து, ஒரு பண்ணையில் புது வகை பரவுவதாக முடிவு கட்டிவிடுவார். மாதிரி வந்த அன்றே மூன்று குழாய்களாகப் பிரியுங்கள். முதல் குழாயில் நேரடியாக ஆர்என்ஏ எடுங்கள், இரண்டாவதை வளர்ப்புக்கு வையுங்கள், மூன்றாவதைத் தொடாதீர்கள். வகையின் பெயரிலேயே பாசேஜ் எண்ணையும் எழுதுங்கள்.

ஒரே மரபணுவை வைத்து மரம் வரைவது

ஸ்பைக் மரபணு அதிகம் மாறுவதால் வகை பிரிக்க வசதியானது, சரி. ஆனால் வைரஸின் முழு மரபணுத் தொகுப்பான ஜீனோம் மொத்தம் சுமார் 28,000 எழுத்துகள். ஸ்பைக் அதில் ஏழில் ஒரு பங்குதான். கொரோனா வைரஸ்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். இத்தாலியில் 2009இல் எடுத்த ஒரு மாதிரியில் ஸ்பைக் பிஇடிவி உடையது, மீதி உடல் டிஜிஇவி என்ற வேறொரு பன்றி கொரோனா வைரஸுடையது. ஸ்பைக்கை மட்டும் பார்த்திருந்தால் அதைச் சாதாரண பிஇடிவி என்றே எழுதியிருப்போம். முழு ஜீனோம் எடுக்க வழியில்லையா? வைரஸின் உறைப் புரதத்துக்கான எம் மரபணுவையாவது சேர்த்து இரண்டு மரங்களை ஒப்பிடுங்கள்.

பிரைமர் பகுதியை வெட்டாமல் விடுவது

பிரைமர் என்பது மரபணுவை நகலெடுக்க நாம் சேர்க்கும் சிறு துண்டு. அந்த 20 எழுத்துகள் வைரஸுடையவை அல்ல. வெட்டுங்கள்.

எஸ்-இண்டெல் என்றாலே மிதமானது என்று எழுதுவது

2014இல் அமெரிக்காவில் ஓஎச்851 என்ற எஸ்-இண்டெல் வகை (ஸ்பைக் மரபணுவில் எழுத்துகள் சேர்ந்தும் விடுபட்டும் இருப்பது) முதலில் பதிவானபோது நோய் லேசாகவே இருந்தது. அதிலிருந்துதான் இந்த நம்பிக்கை பிறந்தது. அதே ஆண்டு ஜெர்மனியில், ஏறக்குறைய ஒரே மாதிரியான எஸ்-இண்டெல் வகைகளே சில பண்ணைகளில் பால்குடிக் குட்டிகளைக் கொத்தாகக் கொன்றன, சிலவற்றில் லேசாகக் கடந்துபோயின. குட்டியின் வயது, தாய்ப்பாலில் எதிர்ப்பொருள் இருந்ததா, கூடவே வேறு நோய் இருந்ததா என்று பண்ணைக் குறிப்பேட்டைப் பார்த்த பிறகே வீரியத்தைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள்.