கடலோர ஊருக்குப் புதுசா குடிவந்தவங்க திருவிழா நேரத்துல பண்ற தப்புகள்

நான் கடற்கரை ஊருக்குக் குடிவந்த முதல் வருஷம், ராத்திரி தண்ணில விளக்கு மிதக்கவிடுற நிகழ்ச்சின்னு நோட்டீஸ் பார்த்துட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கே போய், அலைக்கு ரொம்ப பக்கத்துல நல்ல இடமா பார்த்து பாயை விரிச்சு, செருப்பை ஓரமா கழட்டி வச்சுட்டு ஜம்முனு உக்காந்துட்டேன். ஊர்க்காரங்க எல்லாரும் ஐம்பது அடி தள்ளி, மேல, காஞ்ச பாசி வரிசையா கிடக்குமே அதுக்கும் பின்னால உக்காந்திருக்காங்க. முன்வரிசையை எனக்கு விட்டுட்டாங்களேன்னு சந்தோஷம் வேற. ஏழு மணிக்குள்ள பாய் தொப்பலா நனைஞ்சு, ஒத்தைச் செருப்பு கடலோட போயிடுச்சு. பின்னாடி இருந்த பாட்டி சிரிக்கக்கூட இல்ல, "வருஷத்துக்கு ஒருத்தர் அங்க உக்காருவாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

அந்தப் பாசி வரிசை இருக்கே, அது கடல் கடைசியா எதுவரைக்கும் ஏறிச்சுன்னு கடலே போட்டுவிட்ட கோடு. முதல் தப்பே அதைப் பார்க்காம நோட்டீஸ்ல போட்ட மணியை மட்டும் பார்க்குறதுதான். பெரும்பாலான கடற்கரைல கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும், ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் நடுவுல சுமார் 12 மணி 25 நிமிஷம். அதனால நேத்து ஆறு மணிக்கு ஏறின தண்ணி இன்னைக்கு ஆறு அம்பதுக்கு ஏறும், நாளைக்கு இன்னும் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தமும் அதிகம், வத்துறதும் அதிகம். இது ஊருக்கு ஊர் எக்கச்சக்கமா மாறும், கனடாவுல ஃபண்டி வளைகுடான்னு ஒண்ணு இருக்கு, அங்க ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் 16 மீட்டர் வரைக்கும் போகும், மத்தியதரைக் கடல் ஓரம் பல இடத்துல ஒரு முழம்கூட இருக்காது. அதனால போன ஊர்ல பீச் பக்கத்துலதான் இருந்தேன், எனக்குத் தெரியும்னு கிளம்பாதீங்க. கடல் ஏறுற, வத்துற நேரத்தைப் போட்ட ஓத அட்டவணை துறைமுக ஆபீஸ்லயும் கிடைக்கும், போன்லயும் கிடைக்கும், அதைப் பார்த்துட்டு அப்புறம் பாயை விரிங்க. நிலாவையும் ஓதத்தையும் பார்த்து நாள் குறிக்குறதாலதான் சில விழா ஒவ்வொரு வருஷமும் வேற தேதில வரும், போன வருஷ தேதியை நம்பி லீவு போட்டுட்டு வந்து நிக்குறவங்க நிறைய பேர்.

அடுத்து, டூரிஸ்ட் சீசனைத்தான் ஊரோட சீசன்னு நினைச்சுக்கிறது. புதுசா வர்றவங்க பாதிப் பேர் கோடைல ஒரு தடவை வந்து பார்த்துட்டு, கூட்டம், லைட்டு, பாட்டு, ஆஹான்னு மயங்கி வீடு எடுத்துடுவாங்க, அப்புறம் குளிர்காலத்துல தெருவுல ஒரு ஈ காக்கா இல்லாம கடையெல்லாம் ஷட்டர் இறங்கினதும் "இந்த ஊர்ல ஒண்ணுமே நடக்காதா"ன்னு புலம்புவாங்க. நானும் புலம்பினவன்தான். யோசிச்சுப் பாருங்க, கூட்டம் இருக்குற மூணு மாசமும் ஊர்க்காரங்களுக்கு மூச்சுவிட நேரமில்ல, ரூம் விடுறவங்க, படகு ஓட்டுறவங்க, துணி துவைச்சுக் குடுக்குறவங்க எல்லாரும் அப்பதான் வருஷத்துக்கான காசு பார்க்குறாங்க. அவங்க ஒருத்தருக்கொருத்தர் உக்காந்து பேசுறது, சொந்தமா விழா எடுக்குறது, படகு பழுது பார்க்குற சாக்குல கூடுறதெல்லாம் கூட்டம் கலைஞ்சதுக்கு அப்புறம்தான். அதுக்கு போஸ்டர் ஒட்ட மாட்டாங்க, ஏன்னா தெரியவேண்டியவங்களுக்குத் தெரியும். லைப்ரரி போர்டு, சர்ச் வாசல், சலூன், படகுத்துறை, இங்கதான் சேதி கிடைக்கும். ஆன்லைன்ல தேடி ஒண்ணும் இல்லைன்னு முடிவுகட்டாதீங்க.

சீசன் முடியுறதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஜப்பான்ல உமிபிராக்கின்னு சொல்லுவாங்க, கடலைத் திறக்குற சடங்கு மாதிரி, பெரும்பாலும் ஜூலைல வச்சு குளிக்குற சீசனை ஆரம்பிப்பாங்க, ஆகஸ்ட் கடைசியோட பல பீச்சுல அது முடிஞ்சுரும். முடிஞ்சா முடிஞ்சதுதான், லைஃப்கார்டு கிடையாது. செப்டம்பர்ல வெயில் நல்லாத்தான் இருக்கும், பார்த்தா ஏன் யாருமே இறங்கலன்னு தோணும். அங்கேயே ஆகஸ்ட் நடுவுல ஓபோன் வரும், முன்னோர் வீட்டுக்கு வர்ற நாள், அப்போ கடல்ல இறங்காதே, போனவங்க காலைப் பிடிச்சு இழுப்பாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. கேக்க மூடநம்பிக்கை மாதிரி இருக்கா, அந்தச் சமயத்துலதான் ஜெல்லி மீன் பெருகும், தூரத்துப் புயலோட பெரிய அலையும் வந்து சேரும். ஊர்ப் பெரியவங்க ஒரு நாள்ல இறங்காதேன்னா, காரணம் புரியலன்னாலும் அந்த ஒரு நாள் கரைல நிக்குறதுல என்ன குறைஞ்சிடப்போகுது.

இப்ப எனக்கு ரொம்ப உறுத்துற விஷயத்துக்கு வர்றேன். சடங்கை ஷோ மாதிரி பார்க்குறது. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல க்ளாஸ்டர்னு ஒரு மீன்பிடி ஊர், அங்க ஜூன் கடைசில புனித பேதுருவுக்கு விழா எடுப்பாங்க, படகுகளை எல்லாம் ஆசீர்வதிப்பாங்க, கிரீஸ் தடவின கம்பத்துமேல தண்ணிக்கு மேல நடந்து கொடியைப் பிடுங்குற போட்டியும் உண்டு. வெளில இருந்து பார்க்குறவனுக்குக் கம்பம்தான் கண்ணுல படும், விழுறவன் வீடியோதான் ஓடும். அதே ஊர்ல தண்ணியைப் பார்த்த மாதிரி சுக்கான் பிடிச்சு நிக்குற மீனவர் சிலை ஒண்ணு இருக்கு, 1925ல வச்சது, சுத்தி இருக்குற தகடுகள்ல கடலுக்குப் போய் திரும்பாத 5,000க்கும் மேல பேர் பெயர் செதுக்கியிருக்கு. ஆசீர்வாதம் யாருக்காகன்னு அதைப் பார்த்தா புரியும். பக்கத்துல நின்னு கை தட்டுறவரோட அப்பா பெயர்கூட அதுல இருக்கலாம். கடலோர ஊர் எதுலயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கும், சில இடத்துல சிலை, சில இடத்துல வெறும் கல்லு. பூ போட்டு மௌனமா நிக்குற அந்த ரெண்டு நிமிஷத்துல ட்ரோன் பறக்கவிட்ட ஒரு ஆளை நான் பார்த்திருக்கேன், யாரும் ஒண்ணும் சொல்லல, ஆனா அடுத்த ஒரு வருஷம் அவர்கிட்ட யாரும் பெருசா பேசவும் இல்ல.

பிரேசில்ல சால்வடோர் நகரத்துல பிப்ரவரி 2ஆம் தேதி இயெமாஞ்சாங்குற கடல் தாய்க்கு பூ, வாசனைத் திரவியம், கண்ணாடின்னு படகுல கொண்டுபோய் விடுவாங்க, மீனவங்க ஆரம்பிச்ச பழக்கம் அது. வெள்ளை, நீலத்துல உடுத்திட்டு வருவாங்க. அங்க புதுசா வர்றவங்க ஆசைல பண்ற தப்பு என்னன்னா, தானும் ஏதாவது போடணும்னு பிளாஸ்டிக் பூவையும் பாட்டிலையும் தண்ணில வீசுறது. அந்த நம்பிக்கைக்காரங்களே இப்ப மக்குற பொருளை மட்டும் போடுங்கன்னு கேட்டுக்கிறாங்க, நாம கொண்டுபோய் தெர்மகோல் தட்டை விடலாமா. விளக்கு மிதக்கவிடுற இடத்துலயும் அப்படித்தான், பல ஊர்ல விழா முடிஞ்சதும் கயிறு கட்டியோ படகுல போயோ எல்லா விளக்கையும் திரும்ப எடுத்துடுவாங்க. நீங்க கடைல வாங்கின தனி விளக்கைத் தள்ளிப் போய் விட்டீங்கன்னா அதை எடுக்க ஆள் இல்ல.

வானத்துல விடுற பேப்பர் விளக்கு அதைவிட மோசம். ராத்திரி கடல் மேல ஆரஞ்சு வெளிச்சம் மெதுவா நகர்ந்தா கரைல இருந்து பார்க்குறவங்களுக்கு அது ஆபத்து சிக்னல் வெடி மாதிரியே தெரியும், யாரோ போன் போட்டுருவாங்க, மீட்புப் படகு கிளம்பிரும். பிரிட்டன்ல அப்படி வீணா அலைஞ்ச கதை நிறைய. அந்தப் படகுல போறவங்க பெரும்பாலும் தொண்டர்கள், 1824ல இருந்து நடக்குற ஆர்.என்.எல்.ஐங்குற கடல் மீட்பு அமைப்பே முக்கால்வாசி அப்படித்தான் ஓடுது, தூக்கத்துல எழுந்து வர்ற பக்கத்து வீட்டுக்காரர். உங்க பிறந்தநாள் விளக்குக்காக. பலூனும் அதே கதைதான், அமெரிக்காவுல ஃப்ளோரிடால 2024 ஜூலைல இருந்து வேணும்னே பறக்கவிட சட்டத்துல தடை.

ஃப்ளோரிடான்னதும் ஆமை ஞாபகம் வருது. அங்க அட்லாண்டிக் பக்கம் பல மாவட்டத்துல மார்ச் 1லிருந்து அக்டோபர் 31 வரைக்கும் ஆமை முட்டையிடுற காலம், கோடைத் திருவிழாவெல்லாம் அதுக்குள்ளதான் வரும். முட்டைல இருந்து வர்ற குஞ்சு வெளிச்சமான பக்கமா நகரும், இயற்கையா அந்த வெளிச்சம் கடல் மேல இருக்கும், நீங்க வீட்டு வாசல்ல சீரியல் லைட்டைப் போட்டா அது ரோட்டுப் பக்கம் வந்துரும். விழா முடிஞ்சு நாற்காலியை மணல்லயே விட்டுட்டு போறது, குழந்தைங்க தோண்டின குழியை மூடாம போறது, ரெண்டும் ஆமைக்குப் பொறி. குழில மனுஷனே இருட்டுல கால் வச்சு கணுக்காலை உடைச்சுக்கிறான், ஆமைக்கு கேக்கணுமா.

புத்தாண்டு அன்னைக்குப் பனிக்கடல்ல குதிக்குற பழக்கம் குளிர் ஊர்கள்ல உண்டு, நியூயார்க்ல கோனி ஐலண்டு குழு 1903ல இருந்து இருக்கு, நெதர்லாந்துல ஸ்கெவெனிங்கன்ல ஆயிரக்கணக்குல இறங்குவாங்க. அதைப் பார்த்து தனியா, அதுவும் ராத்திரி குடிச்சுட்டு, இறங்கிடாதீங்க. குளிர் தண்ணி பட்டதும் முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் மூச்சு நம்ம கட்டுப்பாட்டுல இருக்காது, வாய் தானா திறந்து இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா கதை முடிஞ்சுது. மெதுவா நடந்து இறங்கணும், கரைல ஆள் இருக்கணும்.

அமைதி நாளையும் கணக்குல எடுத்துக்கங்க. இந்தோனேசியாவுல பாலி தீவுல ந்யேபிங்குற இந்து அமைதி நாள் அன்னைக்கு ஏர்போர்ட்டே 24 மணி நேரம் மூடிருவாங்க, ரோடு காலி, பீச்சுக்கும் போக முடியாது, வெளிநாட்டுக்காரங்களும் உள்ளேயே இருக்கணும், ராத்திரி ஜன்னல் வழியா வெளிச்சம் தெரியக்கூடாது. அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி மெலாஸ்தி ஊர்வலம் கடலுக்குப் போறதைப் பார்த்து ரசிச்சுட்டு, ந்யேபி அன்னைக்கு "நான் இந்து இல்லையே, நான் ஜாகிங் போறேன்"னு கேட்டு கிளம்புனா பெச்சாலாங்னு ஊர்க்காவல் ஆளுங்க மரியாதையாவே திருப்பி அனுப்பிடுவாங்க.

பீச் சுத்தம் பண்ற நாள்தான் புதுசா வந்தவங்க உள்ள நுழைய லேசான வாசல், செப்டம்பர் மூணாவது சனிக்கிழமை பல நாட்டுல சேர்ந்து பண்றாங்க, 1986ல டெக்சாஸ்ல ஆரம்பிச்சது. அங்கயும் நான் ஒரு சொதப்பல் பண்ணினேன். குப்பையை எடுக்கச் சொன்னா, கூடவே கரைல ஒதுங்கின பாசியையும் ரெண்டு மூட்டை கட்டி பெருமையா கொண்டுபோய் வச்சேன். ஒருங்கிணைப்பாளர் அம்மா மூட்டையைப் பிரிச்சு ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டினாங்க, உள்ள குட்டிக்குட்டியா மணல் பூச்சி துள்ளுது, கரைப்பறவைக்கு அதுதான் சாப்பாடு, திரும்பக் கொண்டுபோய் கொட்டுன்னுட்டாங்க. அப்புறம் கைல ஒரு தாளும் பென்சிலும் குடுத்தாங்க. சிகரெட் துண்டு எத்தனை, மூடி எத்தனை, கயிறு எத்தனைன்னு எண்ணி எழுதணும், அந்தக் கணக்கைக் காட்டித்தான் நிர்வாகத்துகிட்ட சட்டம் கேக்குறாங்களாம், எண்ணாம அள்ளுனா அந்த வேலைல பாதி வீண்.

மீட்டிங்கும் இப்படித்தான். முதல் வருஷமே எழுந்து நின்னு இந்த விழாவை ஏன் இப்படி பண்றீங்க, ஸ்டேஜைத் தள்ளிப் போடலாமே, ஸ்பான்சர் பிடிக்கலாமேன்னு ஆரம்பிக்காதீங்க. ஸ்டேஜ் அங்க இருக்குறதுக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு ஒரு காரணம் இருக்கும், அதை யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. விழா ஆரம்பிக்குறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியும் முடிஞ்சதுக்கு ஒரு மணி நேரம் பின்னாடியும் இருங்க, அப்பதான் ஆள் பத்தாது. எனக்குச் செருப்பு போன அதே விளக்கு நிகழ்ச்சிக்கு அடுத்த வருஷம் மதியமே போனேன், பாட்டி ஒரு கம்புக் கட்டை கைல குடுத்து, பாசிக் கோட்டுக்கு மேல நட்டு கயிறு கட்டுன்னாங்க. சாயங்காலம் ஒரு குடும்பம் கயிறைத் தாண்டி கீழ போய் பாயை விரிச்சாங்க. போய் சொல்லவான்னு பாட்டியைப் பார்த்தேன். "செருப்பை மட்டும் மேல வைக்கச் சொல்லு"ன்னாங்க.