அந்த அம்பு யாருடையது? இயந்திரவியல் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாக்பீஸ் ஒன்றை மேலே எறிகிறேன். அது கையை விட்டுக் கிளம்பிவிட்டது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. "இந்தக் கணத்தில் இதன்மீது செயல்படும் விசைகளை அம்புகளாக வரையுங்கள். காற்றை மறந்துவிடலாம்" என்கிறேன். பதினொன்றாம் வகுப்புக்குப் புதிதாக வருபவர்களிடம் ஆண்டுதோறும் முதல் நாள் நான் செய்வது இதுதான். பெரும்பாலான நோட்டுகளில் இரண்டு அம்புகள் இருக்கும். கீழ்நோக்கி ஒன்று, புவியீர்ப்பு. மேல்நோக்கி அதைவிட நீளமாக இன்னொன்று, "எறிந்த விசை".

இரண்டாவது அம்பைத் தொட்டு, "இதைக் கொடுப்பது யார்?" என்று கேட்பேன்.

"நீங்கள்தான் ஐயா. நீங்கள்தானே எறிந்தீர்கள்?"

"என் கை இப்போது எங்கே?"

கை சட்டைப்பையில் இருக்கும். வகுப்பு கொஞ்சம் சிரிக்கும். ஆனால் அம்பை அழிக்க எவருக்கும் மனம் வராது. மேலே போகிற பொருளை ஏதோ ஒன்று மேலே தள்ளிக்கொண்டுதானே இருக்க வேண்டும்?

வேண்டியதில்லை. கை கொடுத்துவிட்டுப் போனது திசைவேகம். விசை கையோடு திரும்பிவிட்டது. விசையைப் பொருளுக்குள் ஊற்றி அனுப்ப முடியாது. ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் சாக்பீஸின் மேல் இருப்பது ஒரே அம்புதான், கீழ்நோக்கி.

இந்தத் தவறுக்கு நல்ல பரம்பரை உண்டு என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுவேன். எறிந்த பொருளைக் காற்றுதான் தொடர்ந்து தள்ளிச் செல்கிறது என்று அரிஸ்டாட்டில் கருதினார். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஃபிலோபோனஸ் அதை மறுத்து, எறிபவர் பொருளுக்குள் ஓர் ஆற்றலைப் பதிக்கிறார் என்றார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் ஜான் பூரிதான் அதையே செம்மைப்படுத்தினார். 1982இல் ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பொறியியல் மாணவர்களிடம் மேலே சுண்டிய நாணயத்துக்கு இதே கேள்வியைக் கேட்டார். அவர்களிலும் பெரும்பாலோர் அதே மேல்நோக்கிய அம்பைத்தான் வரைந்தார்கள். ஆகவே வெட்கப்பட வேண்டாம், அழித்தால் போதும்.

இதோடு ஒட்டிப் பிறந்த தவறு ஒன்று: "உச்சியில் திசைவேகம் சுழி, அதனால் முடுக்கமும் சுழி." அப்படியானால் சாக்பீஸ் மின்விசிறிக்குக் கீழே அந்தரத்தில் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும். திசைவேகம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, அது எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பது வேறு கேள்வி. உச்சியிலும் அது 9.8 மீ/வி² என்ற அதே கணக்கில் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் சாக்பீஸ் கீழே வருகிறது.

அம்பு வரைகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி இலக்கண வகுப்பிலிருந்து வந்தது. ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும். அதில் எழுவாயும் செயப்படுபொருளும் இருக்க வேண்டும். "புவி சாக்பீஸை இழுக்கிறது." சரி. "எறிந்த விசை சாக்பீஸைத் தள்ளுகிறது" என்று எழுதினால் ஏற்க மாட்டேன். தள்ளுவதற்குக் கையோ கயிறோ தரையோ காற்றோ ஒரு பொருள் வேண்டும். விசையே விசையைக் கொடுக்க முடியாது. விசைப்படம் வரையும்போது நடக்கும் பிழைகளில் பாதி இந்த வாக்கியத்தை எழுதும்போதே உதிர்ந்துவிடும்.

நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இந்த இலக்கணம் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. தமிழில் அந்த விதிக்கு நேர்ந்த கதி கொஞ்சம் பாவம். "ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு" என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். அடித்தால் திருப்பி அடி விழும் என்ற பொருளில். வினை என்ற சொல்லுக்கு நம் மொழியில் ஏற்கெனவே சுமை அதிகம். விதைத்தால் பிற்பாடு அறுக்க வேண்டும். அந்த "பிற்பாடு" மாணவர் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. முதலில் நான் சுவரைத் தள்ளுகிறேன், பிறகு யோசித்துவிட்டுச் சுவர் என்னைத் தள்ளுகிறது என்று நினைக்கிறார்கள். நியூட்டன் 1687இல் எழுதியதில் முன் பின் ஏதும் இல்லை. இரண்டும் ஒரே கணத்தில் பிறந்து ஒரே கணத்தில் மறைகின்றன. எதை வினை என்பது, எதை எதிர்வினை என்பது நம் விருப்பம்.

இணையைக் கண்டுபிடிக்க எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றி, திசையையும் திருப்பிவிட்டால் போதும். மேசைமேல் புத்தகம் இருக்கிறது. "புவி புத்தகத்தைக் கீழே இழுக்கிறது" என்பதன் இணை, "புத்தகம் புவியை மேலே இழுக்கிறது." அவ்வளவுதான். ஆனால் தேர்வுத் தாள்களில் புத்தகத்தின் எடைக்கு எதிர்வினையாக மேசை தரும் செங்குத்து விசையை எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு விசைகளுமே புத்தகத்தின் மீதுதான் செயல்படுகின்றன. ஒரே செயப்படுபொருள் இருந்தால் அவை இணையாக முடியாது. அவை சமமாக இருப்பது புத்தகம் ஓய்வில் இருப்பதால்தான். மேசையையே லிஃப்டில் ஏற்றி, லிஃப்ட் மேலே கிளம்பும் நொடியில் பாருங்கள்: செங்குத்து விசை எடையைவிடப் பெரிதாகிவிடும். மூன்றாம் விதி இணைகளுக்குள் ஒருபோதும் அப்படி நடக்காது.

இதைக் கேட்டதும் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து நிற்கும். "நாம் தேரை இழுக்கும் அதே விசையில் தேரும் நம்மைப் பின்னால் இழுக்கிறது என்றால், தேர் எப்படி ஐயா நகரும்?" அருமையான கேள்வி. தேர் நகருமா என்பதற்குத் தேரின் மீதான விசைகளை மட்டும் பார்க்க வேண்டும். வடம் தேரை முன்னால் இழுக்கிறது. தரையும் அச்சும் தரும் தடை பின்னால். வடம் வென்றால் தேர் கிளம்பும். தேர் மனிதர்களைப் பின்னால் இழுப்பது மனிதர்களின் கணக்கில் சேர வேண்டியது. அந்தக் கணக்கில் அவர்களைத் தாங்கிப் பிடிப்பது தரை. பாதங்கள் தரையைப் பின்னோக்கி உதைக்கின்றன. தரை பாதங்களை முன்னோக்கித் தள்ளுகிறது. வீதியில் எண்ணெய் கொட்டியிருந்தால் ஆயிரம் பேர் சேர்ந்தாலும் தேர் நிலையிலேயே நிற்கும். கிளம்பிய பின் அதை நிறுத்துவது வேறு பாடு. வடத்தை விட்டுவிட்டால் உடனே நின்றுவிடும் என்று எவரும் நம்புவதில்லை; சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட ஆட்கள் கூடவே நடக்கிறார்கள். நிலைமம் என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும்" என்ற வரியை மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள், ஏனென்றால் நம்மை நடக்கவைப்பதே உராய்வுதான். உராய்வு எதிர்ப்பது தொடும் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதை. பாதம் பின்னோக்கி வழுக்கப் பார்க்கிறது, உராய்வு முன்னோக்கி வருகிறது.

உராய்வில் இன்னொரு தவறு உண்டு, எனக்கு மிகவும் பிடித்த தவறு. 20 கிலோகிராம் பெட்டி தரையில் இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5. ஒருவர் 30 நியூட்டன் விசையோடு கிடைமட்டமாகத் தள்ளுகிறார். உராய்வு எவ்வளவு? குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கி 98 நியூட்டன் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். அந்த விடை உண்மையானால், தள்ளியவரை நோக்கியே பெட்டி 3.4 மீ/வி² முடுக்கத்தோடு பாய்ந்து வர வேண்டும்! 98 என்பது உச்சவரம்பு. பெட்டி அசையாதவரை உராய்வு கேட்டதைத்தான் கொடுக்கும், 30க்கு 30.

கப்பிக் கணக்கிலும் இதே அவசரம்தான். ஒரு பக்கம் 3 கிலோகிராம், மறுபக்கம் 2 கிலோகிராம், கயிறும் கப்பியும் எடையற்றவை. 3 கிலோகிராம் பக்கத்தில் கயிற்றின் இழுவிசை 29.4 நியூட்டன் என்று எழுதுகிறார்கள், அதாவது அந்தப் பொருளின் எடையையே. கயிறு அவ்வளவு விசையோடு மேலே இழுத்தால் 3 கிலோகிராம் பொருள் முடுக்கமடையவே முடியாது. உண்மையில் முடுக்கம் 1.96 மீ/வி², இழுவிசை இரு பக்கமும் 23.52 நியூட்டன், இரண்டு எடைகளுக்கும் நடுவில் இருக்கிறது, இருந்தாக வேண்டும்.

இழுவிசை பற்றிப் பேசும்போது மாக்டபர்க் குதிரைகள் நினைவுக்கு வரும். 1650களில் ஜெர்மனியில் ஓட்டோ ஃபான் கெரிக்கே, உள்ளிருந்த காற்றை நீக்கிய இரண்டு செம்பு அரைக்கோளங்களைக் குதிரைகளை விட்டு இழுக்கச் செய்தார். பக்கத்துக்கு எட்டுக் குதிரைகள் பூட்டிய காட்சி புகழ்பெற்றது. ஒரு பக்கத்து எட்டை அவிழ்த்துவிட்டு அந்த முனையை ஒரு பெரிய மரத்தில் கட்டியிருந்தாலும் கோளங்களின் மேல் விழும் இழுப்பு அதேதான். எட்டுக் குதிரைகளின் வேலையை மரம் சும்மா நின்றே செய்திருக்கும். தீவனச் செலவு மிச்சம். சுருள்வில் தராசின் இரு முனைகளிலும் கப்பி வழியாக 5 கிலோகிராம் தொங்கவிட்டால் அது காட்டுவது 5தான், 10 அல்ல என்பதும் இதே கதை.

பஸ் இடப்பக்கம் சட்டென்று திரும்புகிறது. நின்றுகொண்டு வருபவர் வலப்பக்கம் சாய்கிறார். "மையவிலக்கு விசை வெளியே தள்ளியது" என்பது பதில். வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள்: எது அவரைத் தள்ளியது? எழுவாய் அகப்படாது. சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு, அவர் நேராகப் போய்க்கொண்டிருந்தார், பஸ்தான் அவருக்குக் கீழே திரும்பிக்கொண்டது. பஸ்ஸோடு சுழலும் குறிப்பாயத்தில், அதாவது பஸ்ஸையே அசையாததாகக் கொள்ளும் பார்வையில், உட்கார்ந்து கணக்குப் போடுபவர் மையவிலக்கு விசையைச் சேர்த்துக்கொள்ளலாம், அதில் குற்றமில்லை. ஒரே படத்தில் மையநோக்கு விசையையும் மையவிலக்கு விசையையும் வரைந்து "இரண்டும் சமம்" என்று எழுதுவதுதான் குற்றம். சமமானால் பஸ் நேராகப் போய் டீக்கடைக்குள் நுழைந்திருக்கும். மையநோக்கு விசையும் தனிச் சரக்கு கிடையாது. டயரை உள்நோக்கித் தள்ளும் உராய்வுக்கு அந்த இடத்தில் வாய்த்த பட்டப்பெயர் அது.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்பதும் இந்த வகைதான். அது பறப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 8.7 மீ/வி². நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள், ஆகவே ஒன்று மற்றொன்றை அழுத்துவதில்லை. லிஃப்டுக்குள் எடை பார்க்கும் கருவியின் மேல் ஏறி நின்றால் இதன் சிறிய மாதிரி கிடைக்கும். 50 கிலோகிராம் நிறையுள்ளவர், லிஃப்ட் மேல்நோக்கி 2 மீ/வி² முடுக்கம் பெறும்போது 60 கிலோவுக்குச் சற்று மேலே பார்ப்பார். நிறை மாறவில்லை, தரை அவரைத் தாங்கும் விசைதான் 490இலிருந்து 590 நியூட்டனாக ஏறியிருக்கிறது. கடையில் "எடை 5 கிலோ" என்பது வழக்கு, அதைத் திருத்தப் போக வேண்டாம். தேர்வுத் தாளில் எடையை நியூட்டனில் எழுதினால் சரி.

சில்லறைத் தவறுகளும் உண்டு. போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 60 என்றால் சராசரி 50 ஆகாது, 48; குறைந்த வேகத்தில் செலவழித்த நேரம் அதிகம். v = u + at (இறுதித் திசைவேகம் v, தொடக்கத் திசைவேகம் u, முடுக்கம் a, நேரம் t) என்பது முடுக்கம் மாறாதபோது மட்டும் செல்லும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் இரு மடங்கு என்பது தவறு, அது நான்கு மடங்கு.

கடைசியாகக் குறி, பிளஸா மைனஸா என்பது. "ஈர்ப்பு முடுக்கம் g எப்போதும் மைனஸ்தானே?" என்பார்கள். எந்தத் திசை நேர்மறை என்று முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள், குறி தானாக வந்து உட்காரும். 20 மீட்டர் உயர மாடியின் விளிம்பிலிருந்து 15 மீ/வி வேகத்தில் ஒரு கல்லை நேர் மேலே எறிகிறோம். அது கீழே தரையில் விழுகிறது. மேலே நேர்மறை என்றால் இடப்பெயர்ச்சி −20. g-ஐ 10 என்று கொண்டால் −20 = 15t − 5t². விடைகள் இரண்டு: 4, −1. ஏறுவதைத் தனியாகவும் இறங்குவதைத் தனியாகவும் பிரித்துப் போட வேண்டிய தேவையே இல்லை. 4 விநாடி என்று எழுதிவிட்டு −1ஐ எல்லோரும் அடித்துவிடுகிறார்கள். அது என்ன என்று கேட்டுப் பார்த்தால், நாம் எறிவதற்கு ஒரு விநாடி முன்பு யாரோ தரையிலிருந்து 25 மீ/வி வேகத்தில் எறிந்த ஒரு கல், ஒரு விநாடி கழித்துச் சரியாக மாடி விளிம்பை 15 மீ/வி வேகத்தில் கடந்திருக்கும். நம் கல் தரையைத் தொடும் வேகமும் அதே 25தான்.