செக்‌ஷன் 8 கம்பெனி பதிவு செய்வது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஊரில் மாலை நேரப் படிப்பகம் ஒன்று நடத்திவந்தோம். வாடகை, நோட்டுப் புத்தகம், பிள்ளைகளுக்குச் சுண்டல், எல்லாமே கைக்காசுதான். ஒருநாள் உதவ முன்வந்த ஒருவர், "உங்க அமைப்பு பேர்ல பேங்க் கணக்கு இருக்கா?" என்று கேட்டார். இல்லை. அப்போதுதான் பதிவைப் பற்றி யோசிக்கத் தொடங்கினோம். அந்த அலைச்சலில் கற்றதை உங்களுக்காக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் தொண்டு அமைப்பை மூன்று விதமாகப் பதிவு செய்யலாம். ஆவணம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்டாகப் பதியலாம். 1975ஆம் ஆண்டு சட்டப்படி சங்கமாகப் பதியலாம். அதற்கு 7 பேர் வேண்டும். மூன்றாவது, 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வரும் லாப நோக்கற்ற நிறுவனம். பழைய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 25ஆம் பிரிவில் இருந்தது. பிரைவேட் வகையில் 2 பேர் போதும், அவர்களே உறுப்பினராகவும் இயக்குநராகவும் இருக்கலாம். குறைந்தபட்ச மூலதனம் எதுவும் கிடையாது. இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும்.

"லாபமே வரக்கூடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக வரலாம். அதை உறுப்பினர்கள் பங்கு பிரித்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். மிச்சப்படும் பணம் நோக்கத்துக்கே திரும்பப் போக வேண்டும். நாளை நிறுவனத்தைக் கலைத்தாலும் கடன் போக மீதமுள்ள சொத்து நம் வீட்டுக்கு வராது. அதே மாதிரி நோக்கமுள்ள இன்னொரு செக்‌ஷன் 8 நிறுவனத்துக்குப் போகும், அல்லது விற்று அரசின் நிதியில் சேரும். இதில் மனம் ஒப்பாதவர்கள் இந்த வழிக்கே வர வேண்டாம். செய்த வேலைக்கு நியாயமான சம்பளம் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

முதலில் நோக்கத்தை எழுதுங்கள்

படிவங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். நான் பார்த்தவரை, எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். இணையத்தில் கிடைத்த மெமோராண்டம் (நிறுவனத்தின் நோக்கங்களைச் சொல்லும் அடிப்படை ஆவணம்) ஒன்றை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

எங்கள் முதல் வரைவு இப்படி இருந்தது: "சமூகத்தின் அனைத்துத் தரப்பினரின் முன்னேற்றத்துக்கும் பாடுபடுதல்." படிக்க நன்றாக இருக்கிறது, என்ன செய்யப்போகிறோம் என்று மட்டும் தெரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினோம்: "அரசுப் பள்ளிகளில் 6 முதல் 10ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்குக் கட்டணமில்லாத மாலை நேரப் படிப்பகங்கள் அமைத்து நடத்துதல், அவற்றுக்கு நூல்களும் கற்றல் கருவிகளும் வாங்கித் தருதல்." எதைச் செய்வோம், யாருக்குச் செய்வோம் என்பது இப்போது தெளிவு.

இதில் இன்னொரு பயனும் உண்டு. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான வரவு செலவு மதிப்பீட்டை விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். பணம் எங்கிருந்து வரும், எதற்குச் செலவாகும் என்று அதில் சொல்ல வேண்டும். நோக்கம் தெளிவாக இருந்தால் வாடகை இவ்வளவு, ஆசிரியர் ஊதியம் இவ்வளவு என்று மதிப்பீடு தானாக வந்துவிடும். பின்னாளில் நோக்கத்தை மாற்ற நினைத்தால் முன்கூட்டியே அரசின் அனுமதி வாங்க வேண்டும். அதனால் இப்போதே நேரம் செலவழியுங்கள். தமிழில் எழுதி முடித்துவிட்டு, அதை ஆங்கிலத்தில் வடிக்கும் வேலையை ஆடிட்டரிடம் கொடுங்கள். நேராக அவரையே எழுதச் சொன்னால் அது அவருடைய நோக்கமாகத்தான் இருக்கும்.

காகிதங்கள்

ஒவ்வொருவருக்கும் பான் கார்டு, ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, மின்னஞ்சல், கைபேசி எண் வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் வரும் சிக்கல் இனிஷியல். ஆதாரில் "மு. செல்வி", பானில் "செல்வி முருகன்" என்று இருக்கும். ஆள் ஒருவர்தான், கணினிக்கு அது புரியாது. முதல் வேலையாக இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

அலுவலக முகவரிக்கு இரண்டு மாதத்துக்குள்ளான மின் கட்டண ரசீதும், இடத்தின் உரிமையாளர் தரும் தடையின்மைக் கடிதமும் வேண்டும். எங்களுக்கு இடம் தந்தவர் மனமுவந்துதான் தந்தார். ஆனால் இ.பி. இணைப்பு இறந்துபோன அவர் தாத்தா பெயரிலேயே கிடந்தது. பெயர் மாற்றி முடிக்கும் வரை மற்ற எல்லாம் தயாராக இருந்தும் காத்திருந்தோம். ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம், கையெழுத்துப் போடும் ஒவ்வொருவருக்கும் இணையப் படிவங்களில் கையெழுத்திடுவதற்கான கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம் வாங்க வேண்டும்.

பெயரும் விண்ணப்பமும்

மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் (எம்.சி.ஏ.) தளத்தில் 'ஸ்பைஸ் பிளஸ்' என்ற படிவம் இருக்கிறது. அதன் முதல் பகுதி பெயருக்கானது. இரண்டு பெயர்கள் வரை கொடுக்கலாம், கட்டணம் 1,000 ரூபாய். ஃபவுண்டேஷன், அசோசியேஷன், ஃபோரம், கவுன்சில் போன்ற ஒரு சொல் பெயரில் வர வேண்டும். 'பிரைவேட் லிமிடெட்' சேர்க்கத் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள கம்பெனிப் பெயர்களோடும் டிரேட்மார்க்குகளோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஒப்புதல் கிடைத்தால் 20 நாள் அந்தப் பெயர் உங்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கும்.

இரண்டாம் பகுதியில் மற்ற விவரங்கள். மெமோராண்டம் ஐஎன்சி-13 வடிவில் இருக்க வேண்டும். ஆடிட்டர், கம்பெனி செகரட்டரி, வழக்கறிஞர் போன்ற ஒருவர் ஐஎன்சி-14இல் உறுதிமொழி தர வேண்டும். விண்ணப்பிப்பவர்கள் ஒவ்வொருவரும் ஐஎன்சி-15இல் தர வேண்டும். முன்பு 8ஆம் பிரிவில் இயங்குவதற்கான உரிமத்துக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. 2019 முதல் புதிய நிறுவனங்களுக்கு இதே விண்ணப்பத்திலேயே உரிமமும் சேர்ந்து வந்துவிடுகிறது. நிறுவனத்துக்கான பான் எண்ணும், வரிப் பிடித்தம் செய்வதற்கான டான் எண்ணும் கூடவே வரும். சான்றிதழில் 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஓர் அடையாள எண் இருக்கும். அதன் நடுவே 'என்பிஎல்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். லாப நோக்கற்றது என்பதற்கான குறி அதுதான்.

சான்றிதழ் வந்த பிறகு

30 நாளுக்குள் ஆடிட்டரை நியமியுங்கள். பங்கு மூலதனம் உள்ள நிறுவனம் என்றால் 180 நாளுக்குள் ஐஎன்சி-20ஏ என்ற தொழில் தொடக்க அறிவிப்புப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் கணக்கையும், 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். அந்த ஆண்டில் ஒரு வேலையும் நடக்கவில்லை என்றாலும் விலக்கு கிடையாது.

கம்பெனி பதிவானாலே வரிவிலக்கு வந்துவிடாது. வருமான வரித் துறையில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 12ஏ, 80ஜி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதலாவது நிறுவனத்தின் வருமானத்துக்கு, இரண்டாவது நன்கொடை தருபவருக்கு. இவை கிடைத்த பிறகுதான் கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கான சிஎஸ்ஆர்-1 பதிவுக்குப் போக முடியும்.

வெளிநாட்டுப் பணத்தில் மிகவும் கவனம் வேண்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற உறவினர் அன்போடு அனுப்பினாலும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. இந்தியக் குடிமகனாகவே வெளிநாட்டில் இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியில் சேராது. நன்கொடையாளரின் பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பலகை மறந்துபோகும் விஷயம். அலுவலக வாசலில் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் வைத்தால் அந்த வட்டார மொழியிலும் எழுத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எங்கள் பலகையில் தமிழை மேலே பெரிதாக எழுதினோம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்துவிட்டு, "இது நம்ம படிப்பகமா சார்?" என்று கேட்டாள்.